தொக்கினாமூர்த்தி

அவங்க தப்பு பஸ்ல ஏறிட்டாங்க தம்பி. அதான் எறக்கி வுட்டேன். பாகாயம் போறவங்க ஒடுகத்தூர் பஸ்ல ஏறிகினா இன்னா ஆவறது? அந்தம்மாவுக்குப் பத்தரைக்கு ஸ்கேனாம். தோ, கீழ மஞ்சத் துண்டு போட்டுகினு நிக்கிறாரே டைம் கீப்பரு, அவராண்ட சொல்லியிருக்கேன். சரியான பஸ்ல ஏத்தி வுட்டுடுவாரு.

நான் அவங்களாண்ட பேசினது பெங்காலிதான். நல்லாவே பேசுவேன். இருபத்திரெண்டு வருஷம் யூனிபார்ம் போட்டவன் நான். எல்லைக் காவலு. அதுல நாலு வருஷம் வங்காளதேச எல்லை, கூச்பிகார் பக்கம். அங்க வந்ததுதான் இந்தப் பாஷை. ரிட்டையர் ஆகி வந்து இப்ப வேலூர்ல லாட்ஜ் வாட்ச்மேன். வாட்ச்மேன்னு பேருதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு வர்ற பெங்காலிங்களுக்கு எந்த கவுன்ட்டரு, எங்க வரிசை, எந்தக் கடையில அவங்க மீனு கெடைக்கும்னு சொல்றதுதான் வேலை. ராத்திரி டூட்டி முடிஞ்சி வூட்டுக்குப் போறேன். முன்னெல்லாம் ஜன்னல்ல தலைய சாய்ச்சா தூங்கிடுவேன். இப்ப ஒரு ரெண்டு வருஷமா வர்றதில்ல.

நீங்க ஒடுகத்தூரா? அப்ப நான் உங்களுக்கு முன்னாடியே எறங்கிடுவேன், அணைக்கட்டுல. நேரம் இருக்கு. ஏன் தூக்கம் வர்றதில்லன்னு கேட்டுட்டீங்க, சொல்றேன். சொன்னா தூக்கம் வருதான்னு பார்ப்போம்.

சிட்டுன்னா தெரியுமா? சிட்டுக்குருவி இல்ல. அங்க அதுக்கு அதான் பேரு. நம்ம நாட்டுக்குள்ள ஒரு ஊரு, சுத்தி நாலு பக்கமும் நம்ம மண்ணு, ஆனா அந்த ஊரு மட்டும் அந்தாண்ட நாட்டுக்குச் சொந்தம். அதே மாதிரி அவங்க நாட்டுக்குள்ள நம்ம ஊருங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்துக்கும் மேல. அந்தக் காலத்துல ரெண்டு ராஜாங்க சதுரங்கம் ஆடி, கிராமத்தை வச்சித் தோத்தாங்களாம், அதான் இப்படித் துண்டு துண்டா கெடக்குதுன்னு அங்க சொல்லுவாங்க. படிச்சவங்க வேற ஏதோ சொல்லுவாங்க. எனக்கு இன்னா தெரியும்? வெள்ளக்காரன் போறப்ப கோடு போட்டாங்க, இந்தத் துண்டுங்களை இன்னா பண்றதுன்னு எவனும் யோசிக்கல.

சிட்ல இருக்கறவனுக்கு ரேஷன் கெடையாது, ஓட்டு கெடையாது, கரண்டு கெடையாது, ஸ்கூலு கெடையாது. அவன் நாட்டுக்கு அவன் போவணும்னா நம்ம நாட்டுல ஆறு கிலோமீட்டர் நடக்கணும். நடந்தா அந்நிய நாட்டுக்காரன், கேஸு. உப்பு வாங்க நம்ம சந்தைக்கு வந்தா கேஸு. வாங்கின உப்பை வூட்டுக்குக் கொண்டுகினு போனா அது கடத்தலு. சிரிக்காதீங்க தம்பி. எனக்கு அதான் டூட்டி.

நான் போனப்ப வேலி போட்டுகினு இருந்தாங்க. ரெண்டு ஆள் ஒசரம், நடுவுல சுருள் கம்பி. கோட்டு மேலயே போடக் கூடாது, நூத்தம்பது கெஜம் நம்ம பக்கம் தள்ளித்தான் போடணும். அதனால நம்ம ஆளுங்க வயலே பாதி வேலிக்கு அந்தாண்ட போயிடுச்சு. காலையில கேட்டைத் தொறப்போம். அட்டையைக் காட்டிட்டு நாத்து நடப் போவாங்க. சாயங்காலம் மூடிடுவோம்.

கடத்தல் இல்லாத நாளு இல்ல. இங்கேருந்து சர்க்கரை, சேலை, மாடு, இருமல் மருந்து. அங்கேருந்து மீனு, சோப்பு, எப்பனா ஒரு நாளு தங்கம். பெரிய ஆளுங்க சிக்க மாட்டாங்க. அவங்க சரக்கு எந்த வழியில போவுதுன்னு கேக்கறதுக்கே ஆளு கெடையாது. சிக்கறது சைக்கிள்காரன்தான்.

நொகேன் சைக்கிள்காரன். நொகேன் பர்மன். நம்ம ஊர்ல நாகேந்திரன்னு வப்பாங்களே, அதான். எங்க போஸ்ட்டுக்குப் பின்னாடி ஒரு சிட்டு, நாப்பது அம்பது வூடு. அங்கதான் இருந்தான். முப்பது வயசு இருக்கும். ஒல்லி. எப்பவும் சிரிச்சிகினே இருப்பான். நான் தனியா காவல் நிக்கிறப்ப வருவான், வெத்திலை மடிச்சிக் குடுப்பான். எனக்கு அந்தப் பாஷை வந்ததே அவனாலதான்னு வச்சுக்கங்களேன். இது இன்னா, அது இன்னான்னு கேப்பேன், சொல்லுவான். தப்பா சொன்னா வுழுந்து வுழுந்து சிரிப்பான். என்னை "மூர்த்திதா"ன்னு கூப்புடுவான். "தா"ன்னா அண்ணன். என் முழுப் பேரு தட்சிணாமூர்த்தி அவங்க வாயில வராது. தொக்கினாமூர்த்தின்னுதான் வரும்.

தொண்ணூத்தெட்டு மார்ச்சு. மேலதிகாரி கூப்ட்டுக் கத்தினாரு. ரெண்டு மாசமா உங்க போஸ்ட்ல ஒரு பிடிப்புகூட இல்ல, எல்லாரும் தூங்கறீங்களான்னு கேட்டாரு. அன்னிக்கு சாயங்காலம் ஓடைப் பக்கம் நான் நிக்கிறேன். அங்க வேலி இன்னும் வரல. நொகேன் வந்தான். சைக்கிள் பின்னாடி ரெண்டு மூட்டை சர்க்கரை, நாப்பது கிலோ. என்னைப் பார்த்துட்டு நின்னான். சிரிச்சான்.

"மூர்த்திதா, இன்னிக்கு மழை வரும் போல இருக்கே"ன்னான்.

சைக்கிளைக் கீழ வையின்னேன். வச்சான். அப்பவும் சிரிச்சிகினுதான் இருந்தான். கையை நீட்டுன்னேன். அப்பதான் நிறுத்தினான்.

"சம்சாரத்துக்கு இது அஞ்சாவது மாசம், மூர்த்திதா"ன்னான்.

எல்லாரும் ஏதோ ஒண்ணு சொல்லுவாங்க தம்பி. பிடிபடறவன் ஒவ்வொருத்தனுக்கும் வூட்ல ஒண்ணு இருக்கும். அதையெல்லாம் கேட்டுகினு இருந்தா உத்தியோகம் பார்க்க முடியுமா? அவன் கையில சரக்கு இருந்துச்சு. நான் எழுதிக் குடுத்தேன். அவ்ளோதான். போலீஸ்ல ஒப்படைச்சாங்க, ஜெயில்ல வச்சாங்க, மூணு மாசம் கழிச்சி உன் நாட்டுக்குப் போன்னு வேலிக்கு அந்தாண்ட தள்ளி வுட்டாங்க. அவன் நாடு அதுதானே, சட்டப்படி. ஆனா அவன் வூடு இந்தாண்ட இருக்குது. அதுக்குள்ள ஓடைப் பக்கமும் கம்பி கட்டி முடிச்சிட்டாங்க. திரும்பி வரவே இல்ல. டாக்காவுல ரிக்‌ஷா ஓட்டறான்னு ஒருத்தன் சொன்னான். காய்ச்சல்ல போயிட்டான்னு ஒருத்தன் சொன்னான். யாருக்குத் தெரியும்?

ஜூலை மாசம். அங்க மழைன்னா நம்ம ஊரு மழை இல்ல தம்பி, வானத்துக்குப் பேதி கண்ட மாதிரி. மத்தியானம் ஒரு மணி இருக்கும். சிட்டு எல்லைக் கல்லாண்ட நான் நிக்கிறேன். அங்க வேலி கெடையாது, ஒரு சிமிட்டிக் கல்லு, அவ்ளோதான். கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு மூணு சக்கரத் தட்டு வண்டி. மேல ஒரு பொம்பள படுத்திருக்கா. தார்பாய் போட்டு மூடியிருக்காங்க. பக்கத்துல அவ மாமியாரு, நனைஞ்ச கோழி மாதிரி. வண்டிக்காரன் கல்லைத் தாண்ட மாட்டேன்றான். தாண்டினா அவனையும் பிடிப்பாங்களேன்னு பயம்.

அது நொகேன் பொண்டாட்டி. சாபித்ரி. நம்ம சாவித்திரிதான்.

சிட்டுப் பொம்பளைங்க பிரசவம் எப்படின்னா, பக்கத்து இந்திய கிராமத்துல ஒரு ஆளைப் பிடிப்பாங்க. ஆஸ்பத்திரியில புருஷன் பேருன்னு கேட்டா அவன் பேரைச் சொல்லணும். இல்லனா சேர்க்க மாட்டாங்க, போலீசுக்குச் சொல்லிடுவாங்க. சாபித்ரிக்கும் ஒருத்தன் ஒத்துகினு இருந்திருக்கான். நொகேன் பிடிபட்டதுலேருந்து போலீஸ் கெடுபிடி ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு கடைசி நேரத்துல வர மாட்டேன்னுட்டான். ரெண்டு நாளா வலி. கொழந்தை குறுக்க இருக்குது. மாமியாக்காரி என்னைப் பார்த்துக் கும்புட்டா.

எங்க ரேஷன் வண்டி அந்த வழியா வந்துச்சு. டிரைவர் பன்வாரிலால்னு ராஜஸ்தான்காரரு, நல்ல மனுஷன். கையைக் காட்டி நிறுத்தினேன். "தட்சிணா, வேலை போயிடும்டா"ன்னாரு. ஆனா எறங்கி அவரே ஒரு பக்கம் தூக்கினாரு. அரிசி மூட்டை மேல படுக்க வச்சிக் கொண்டுகினு போனோம்.

ஆஸ்பத்திரியில ஒரு கிளார்க்கு. கண்ணாடியைத் தொடைச்சிகினே கேக்கறான், "புருஷன் பேரு?"ன்னு. மாமியாரு என் மூஞ்சையே பார்க்கறா. சாபித்ரி கண்ணைத் தொறக்கல. உள்ள நர்சு, சீக்கிரம் சீக்கிரம்னு கத்தறாங்க. நான் தண்ணி சொட்டச் சொட்ட யூனிபார்ம்ல நிக்கிறேன். எப்படி வந்துச்சுன்னு தெரியல தம்பி, தட்சிணாமூர்த்தின்னு வாயில வந்துடுச்சு. ஊருன்னு கேட்டான். எங்க ஊரு பேரைச் சொன்னேன். ஜில்லா? வேலூரு. எழுதினான். எழுதிட்டு நிமிந்து பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சான் பாருங்க, அதை இன்னிக்கும் மறக்கல. சிரிச்சிட்டுப் போறான். ஆபரேஷன் பண்ணாங்க. ரெண்டு உசுரும் பொழைச்சுது. பொண்ணு.

இதுல நான் பண்ணது இன்னா தப்புன்னு சொல்லுங்க.

டிசம்பர்ல எனக்கு மாத்தல் வந்துடுச்சு, ஜெய்சால்மருக்கு. போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சாபித்ரி கல்லாண்ட வந்தா. இடுப்புல கொழந்தை, கையில ஒரு காகிதம். பொறப்பு சர்ட்டிபிகேட்டு. "இதை வச்சிக்கட்டுமா?"ன்னு கேட்டா. வச்சிக்கோன்னேன். அந்தக் காகிதம் இருந்தா கொழந்தை இந்தியக் கொழந்தை. ஸ்கூல்ல சேர்க்கலாம். தலையை ஆட்டினா, திரும்பிப் போயிட்டா. ஒரு வார்த்தை சொல்லல தம்பி. இவ்ளோ பண்ணியிருக்கேன், நல்லா இருன்னு ஒரு வார்த்தை. சரி, படிக்காத சனம், அதுக்கு இன்னா தெரியும்னு வுட்டுட்டேன்.

எங்க வூட்டுக்காரம்மாகிட்ட சொல்லல. பச்சையம்மான்னு பேரு. லீவுல வந்தப்பவும் சொல்லல. சொல்றதுக்கு இன்னா இருக்கு? எனக்கே மறந்து போச்சு. ரெண்டு பசங்க வளந்தாங்க, ரிட்டையர் ஆனேன், வூடு கட்டினேன். ரெண்டாயிரத்து பதினஞ்சுல ரெண்டு நாடும் அந்தத் துண்டுங்களை மாத்திகிச்சு, சிட்டெல்லாம் நம்ம நாடு ஆயிடுச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். பச்சையம்மாகிட்ட காட்டி, நான் இருந்த எடம் இதுன்னேன். அவ பார்த்துட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டா.

அப்புறம் நாலு வருஷம் கழிச்சி, ஒரு நாள் காலையில ஸ்டேஷன்லேருந்து ஏட்டு வந்தாரு. தெரிஞ்சவருதான். ஒக்காரச் சொன்னேன். பச்சையம்மா டீ எடுத்துகினு வந்து நிக்கிறா.

"உங்களுக்கு எத்தினி பசங்க?"

"ரெண்டு பையன். தெரியாதா உங்களுக்கு?"

"பொண்ணு?"

"கெடையாது."

"மாலொதி பர்மன். வயசு இருபத்தொண்ணு. கூச்பிகார். அப்பா பேரு தொக்கினாமூர்த்தி, வேலூர் ஜில்லா, இந்த ஊரு. போலீஸ் வேலைக்கு செலக்ட் ஆயிருக்குதாம் அந்தப் பொண்ணு. விசாரிச்சி எழுதச் சொல்லி வந்திருக்குது. இது நீங்கதானே?"

பச்சையம்மா கையில டம்ளரு. அப்படியே நிக்கிறா.

நீங்களே சொல்லுங்க, நான் இன்னா சொல்லுவேன்? ஆமான்னா பொண்டாட்டி முன்னாடி எனக்கு ஒரு பொண்ணு இருக்குன்னு ஆவுது. இல்ல, பேரை மட்டும் குடுத்தேன்னா, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில பொய் எழுத வச்சவன்னு ஆவுது. பென்ஷன் இருக்குது. பெரியவனுக்கு அப்பதான் பொண்ணு பார்த்துகினு இருக்கோம். "எனக்குத் தெரியாது சார், யாரோ என் பேரைத் திருட்டுத்தனமா போட்டிருக்காங்க"ன்னேன். அதை அப்படியே எழுதி, கையெழுத்து வாங்கிகினு போயிட்டாரு. எந்த வூட்ல இருந்தாலும் ஆம்பள அதைத்தான் சொல்லியிருப்பான்.

பச்சையம்மாகிட்ட அன்னிக்கே எல்லாத்தையும் சொன்னேன். சிட்டு, மழை, ரேஷன் வண்டி, கிளார்க்கு. கடைசி வரைக்கும் கேட்டா. "இருபது வருஷமா இதை ஏன் சொல்லல?"ன்னு கேட்டா. அவ்ளோதான். அதுக்கப்புறம் என்னாண்ட பேச்சில்ல. சோறு வப்பா, தண்ணி வப்பா. ஏதாவது சொல்லணும்னா பசங்களைக் கூப்ட்டு, "உங்கப்பாகிட்ட சொல்லு"ம்பா. பசங்க வேலைக்கு வெளியூர் போனதும் அதுவும் இல்ல. மூணு வருஷம் தம்பி. அதனாலதான் லாட்ஜ் வேலைக்கே வந்தேன். வூட்ல ஒக்கார முடியல.

போன பங்குனிக்கு முந்தின பங்குனி. லாட்ஜ்ல இருக்கேன். போன் அடிக்குது. பார்த்தா பச்சையம்மா நம்பரு.

"வூட்டுக்கு வாங்க. உங்க பேரைச் சொல்லிகினு ரெண்டு பேர் வந்திருக்காங்க."

அணைக்கட்டுல எறங்கி ஓட்டமும் நடையுமா போறேன். கூடத்துல பாயில ஒரு பொம்பள ஒக்காந்திருக்கா, எலும்பும் தோலுமா. சாபித்ரின்னு எனக்கு அடையாளமே தெரியல. வயித்துல கட்டி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்திருக்காங்க. வந்த எடத்துல, சர்ட்டிபிகேட்ல இருந்த ஊரு பேரைக் காட்டி பஸ் பிடிச்சி வந்துட்டாங்க. தட்டுல ரசம் சோறு சாப்பிட்ட அடையாளம். பச்சையம்மாதான் போட்டிருக்கா. இவளுக்கு அவங்க பாஷை தெரியாது, அவங்களுக்கு இவ பாஷை தெரியாது. மூணு மணி நேரம் ஒக்காந்திருந்திருக்காங்க.

பச்சையம்மா என்னை சமையக்கட்டுக்குக் கூப்ட்டா. "அந்தப் பொண்ணை நல்லா பார்த்துட்டேன். சாப்புடறப்ப கையைப் பார்த்தேன், நடக்கறப்ப காலைப் பார்த்தேன், காதைக்கூட பார்த்தேன். உங்க ஜாடை ஒண்ணுகூட இல்ல"ன்னா. மூணு வருஷமா நான் சொன்னதை நம்பல, அந்தப் பொண்ணு காதை நம்பறா. சரி, நம்பினாளே.

வெளிய வந்தேன். அந்தப் பொண்ணு, மாலொதி, சுவத்தாண்ட நின்னுகினு இருக்கா. ஒசரமா, நிமிந்து நிக்கிற பொண்ணு. போலீசுக்கு ஏத்த ஒடம்புதான். சுவத்துல என் பாராட்டுப் பத்திரம் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். சர்வீஸ்ல எனக்குக் குடுத்தது அது ஒண்ணுதான். அதையே பார்த்துகினு இருக்கா.

"காக்கு, இதைப் படம் எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டா. காக்குன்னா சித்தப்பா.

எடுத்துக்கோம்மான்னேன். எனக்குப் பெருமையா இருந்துச்சு. நம்ம பசங்க ஒரு நாளாவது நின்னு அதைப் படிச்சிருப்பானுங்களா? இந்த வருஷம் குடுத்தாங்க, இன்னாரு கையெழுத்துன்னு சொல்லிகினே போறேன். அவ கண்ணாடி மேல வெரலை வச்சா. இங்கிலீஷ்ல நடு வரி. இந்தத் தேதியில, இன்ன சிட்டைச் சேர்ந்த நொகேன் பர்மன் என்ற கடத்தல்காரனை நாப்பது கிலோ சர்க்கரையோட பிடிச்சதுக்காகன்னு போட்டிருக்குது. அந்தப் பேரு அதுல இருக்கறதே எனக்கு நெனப்பில்ல தம்பி. சத்தியமா சொல்றேன். மாட்டினதோட சரி, எவன் படிக்கிறான்?

"இது எங்க அப்பா பேரு"ன்னா.

பாயில ஒக்காந்திருந்த சாபித்ரி திரும்பக்கூட இல்ல. சுவத்தைப் பார்த்துகினே சொல்றா: "எனக்கு அன்னிக்கே தெரியும். ஆஸ்பத்திரியில உன் குரலைக் கேட்டேன். யாருன்னு தெரியும். ஒரு பேரை எடுத்துகினு போனவன் ஒரு பேரைக் குடுத்துட்டுப் போவட்டும்னுதான் வாயை மூடிகினு இருந்தேன். இத்தினி வருஷம் கழிச்சி அதையும் திருட்டுன்னு எழுதிக் குடுத்துட்டியே."

"இன்னா சொல்றாங்க?"ன்னா பச்சையம்மா.

"ஒடம்பு ரொம்ப முடியலன்றாங்க"ன்னேன்.

பச்சையம்மா என்னைப் பார்த்தா, அந்தப் பொண்ணு வெரலைப் பார்த்தா. போயி அந்தச் சட்டத்தை ஆணியிலேருந்து கழட்டி, முந்தானையில தூசியைத் தொடைச்சி, மாலொதி கையில குடுத்தா.

மாலொதிதான் நிதானமா வெவரம் சொன்னா. நான் எழுதிக் குடுத்ததால வேலை போச்சு. போலி சர்ட்டிபிகேட்டுன்னு அவ மேலயே விசாரணை நடக்குது. சிட்டுக் கணக்கெடுப்புல அம்மா பேரு இருக்குது, புருஷன் நொகேன்னு. ஆனா நொகேன்னு ஒரு ஆளு இருந்தான்னு காட்ட ஒரு காகிதம் கெடையாது. ஜெயில்ல கேட்டா கோர்ட்டுன்றாங்களாம், கோர்ட்டுல கேட்டா பழைய கட்டெல்லாம் வெள்ளத்துல போச்சுன்றாங்களாம். நான் நொகேனைப் பிடிச்ச அந்தப் பத்திரம்தான் மிச்சம்.

"நீங்க எனக்கு அப்பான்னு சொல்ல வேணாம், காக்கு. இல்லன்னு சொல்லுங்க. ஆனா நடந்ததைச் சொல்லி, இல்லன்னு சொல்லுங்க"ன்னா.

ரெண்டு நாள் யோசிச்சேன். யோசிக்காம இருக்க முடியுமா? பென்ஷன் தம்பி. மூணாம் நாள் காலையில பச்சையம்மா புடவை மாத்திகினு வாசல்ல நிக்கிறா. "வாங்க, அந்தப் பொண்ணுக்கு அப்பன் பேரை எழுதிக் குடுத்துட்டு வரலாம்"ன்னா. நோட்டரி வக்கீலு, "பெரியவரே, இது உங்களையே திருப்பி அடிக்கும்"னாரு. பச்சையம்மா, "நீங்க எழுதுங்க"ன்னா. எழுதினாரு. தொண்ணூத்தெட்டு மார்ச்சுல நொகேனை நான் பிடிச்சேன், அப்ப அவன் மனைவி அஞ்சு மாச கர்ப்பம்னு அவனே எங்கிட்ட சொன்னான், ஜூலையில ஆஸ்பத்திரியில என் பேரை நானே சொன்னேன், ஏட்டுகிட்ட நான் சொன்னது பொய்யி. எல்லாம் தமிழ்ல படிச்சிக் காட்டினாரு. பச்சையம்மா தலையைக் குனிஞ்சிகினு கேட்டுகினு இருந்தா. நான் கையெழுத்துப் போட்டேன். என் வாயால, "சர்க்கரைதான், வேற ஒண்ணும் இல்ல அவங்கிட்ட"ன்னு வந்துச்சு. யாரும் அதை எழுதல.

அந்த மூணு பக்கத்தை மாலொதி கிட்ட குடுத்தேன். நின்ன எடத்துலயே படிச்சா. இங்கிலீஷ்தானே, அவளுக்குப் புரியும். படிச்சிட்டு மடிச்சி, பைக்குள்ள அம்மா மருந்துச் சீட்டோட வச்சிகினா. "தேங்க்ஸ் சார்"னா. அன்னியிலேருந்து காக்கு போயி சார் ஆயிடுச்சு. மரியாதை தெரிஞ்ச பொண்ணு.

சாபித்ரிக்கு ஆபரேஷன் நல்லபடியா ஆச்சு. ஒன்றரை மாசம் எங்க லாட்ஜ்லதான் தங்கினாங்க. பச்சையம்மா தெனம் பஸ் ஏறி வந்து கஞ்சி குடுத்துட்டுப் போவா. நான் கீழ கேட்டாண்ட ஸ்டூல்ல ஒக்காந்திருப்பேன். மாடியிலேருந்து மூணு பேரு சிரிக்கிற சத்தம் கேக்கும். அப்படி இன்னா பேசுவாங்களோ. நான் மேல போனா, சாபித்ரி கண்ணை மூடிப் படுத்துக்குவா. ஒடம்பு அசதி.

போன தீபாவளிக்கு சர்ட்டிபிகேட்டு மாறி வந்துச்சு. விசாரணையும் முடிஞ்சிடுச்சு. போலீஸ் வேலைதான் கெடைக்கல. அந்த வருஷத்து லிஸ்ட்டே முடிஞ்சி போச்சாம். சிலிகுரியில ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல இருக்கா. புது சர்ட்டிபிகேட்டைப் படம் எடுத்து பச்சையம்மா போனுக்கு அனுப்பியிருந்தா. பச்சையம்மா காட்டினா. அப்பா பேருன்ற எடத்துல நொகேன் பர்மன். சரியா இருக்குது. அப்படித்தானே இருக்கணும். ஆனா இன்னான்னு தெரியல தம்பி, ரெண்டு நாளு சோறு எறங்கல. இருபத்தஞ்சு வருஷம் அந்த எடத்துல என் பேரு இருந்துச்சு. நான் அதைப் பார்த்ததுகூட கெடையாது.

பென்ஷனுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் வரல. தபால்காரன் வந்தா வாசலுக்கு ஓடறேன். வந்தா வரட்டும்.

அணைக்கட்டு வந்துடுச்சு. அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க.

மாலொதிக்கு நான் ஞாயித்துக்கெழம தோறும் போன் பண்றேன். முழுசா அடிச்சி ஓயுது, எடுக்கறதில்ல. வேலைக்குப் போற பொண்ணு, ஞாயித்துக்கெழமகூட டூட்டி போட்டுடறாங்க போல. பச்சையம்மா பண்ணா மொத அடியிலயே எடுத்துடறா. அவ பண்ற நேரம் அப்படி அமைஞ்சிடுது. இந்த வாரம் நான் மத்தியானம் ஒரு மணிக்குப் பண்ணலாம்னு இருக்கேன். சாப்பாட்டு நேரம். அப்ப எடுப்பா.